வெர்லின் டோஸ்ட்ருட் இறங்கிய விதம்

எஞ்சின் நின்ற பிறகும் வெர்லின் டோஸ்ட்ருடின் விமானம் ஒன்பது நாள் கீழே விழவில்லை. மே மாதம், சனிக்கிழமை காலை, விஸ்கான்சினில் எங்கள் எல்க் பிரேரி ஊருக்கு மேலே அறுநூறு அடியில் இருமல் போல ஒரு சத்தம் கேட்டது. காற்றாடி நின்றது. விமானமும் அங்கேயே நின்றது.

வெர்லின் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். விமானத்தைத் தன் கார் ஷெட்டிலேயே பதினோரு வருடம் கட்டினார். கட்டியவரே ஆண்டுதோறும் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம் என்பது சட்டம். அந்தச் சட்டம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

விமானத் திடலின் மெக்கானிக் டுவேன் தன் விமானத்தில் பக்கமாகப் பறந்து, கயிற்றில் கட்டிச் சாப்பாட்டுப் பைகளை நீட்டினார். மூன்றில் இரண்டு சோள வயலில் விழுந்தன. அந்த வயல்காரரின் நாய் அந்த வாரம் பெருத்தது. வயல்காரர், விமானத்தின் நிழல் விழும் இடத்தில் நாற்று மஞ்சளாக முளைப்பதாகப் புகார் சொன்னார். ஊர்க்காரர்கள் மடக்கு நாற்காலிகளும் ஆப்பிள் பலகாரமும் கொண்டுவந்து அண்ணாந்து உட்கார்ந்தார்கள்.

வெர்லினின் மனைவி ஆர்டிஸ் திடலின் ரேடியோவில் பேசினாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு ஆர்டிஸ். காத்துதான் சரியில்ல."

"காத்தையும் நீதான் கட்டினியா?"

நான்காம் நாள் அவள் ஷெட்டைக் குடைந்துவிட்டு ரேடியோவுக்கு வந்தாள். "பெட்ரோல் குழாய் மாத்தியாச்சுன்னு பதிவேட்டுல ஆறு வருஷமா எழுதியிருக்க. குழாய் ஷெட்டுல ஆணியில தொங்குது. பாக்கெட்டக்கூடப் பிரிக்கல."

"அது... உபரிக்கு வாங்கினது," என்றார் வெர்லின்.

விமானம் ஐம்பது அடி மேலே போனது. டுவேன் பைனாகுலரை இறக்கினார். "இப்படியே பொய் சொல்லிச் சொல்லி மேல போனா, அந்த உயரத்துக்குச் சாப்பாடு குடுக்க என் விமானத்தால முடியாது," என்றார்.

வெர்லினுக்கும் அது புரிந்துவிட்டது. மேலே குளிர் வேறு. ஏழாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். குழாய் மாற்றவில்லை. ஸ்பார்க் பிளக்கைத் துடைத்ததோடு சரி. எண்ணெய் மாற்றிய தேதி சும்மா எழுதியது. ஒவ்வொன்றுக்கும் விமானம் லிஃப்ட் போலக் கொஞ்சம் இறங்கியது. முப்பதடியில் வந்து நின்றுவிட்டது. அவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லையாம். ஏணி வைத்தார்கள், அவர் காலை வெளியே வைத்ததும் விமானம் சரிந்தது. மறுபடி உள்ளே உட்கார்ந்தார்.

ஒன்பதாம் நாள் மதியம் ஆர்டிஸ் ரேடியோவை வைத்துவிட்டு வயலுக்குள் நடந்து வந்து, விமானத்தின் அடியில் நின்றாள்.

"போன ஜூலையில என்னைய எங்க அக்கா வீட்டுக்கு இதுலதான் கூட்டிட்டுப் போன. குழாய்ல விரிசல் விழுந்திருந்தது உனக்கு அப்பவே தெரியுமா?"

வெர்லின் விமானத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தெரியும். கிளம்பும்போதுதான் பாத்தேன். நீ பையும் கையுமா நின்ன. சொன்னா வரமாட்டேன்னு..."

விமானம் சோள நாற்றுகளின் மேல் ஓசையில்லாமல் உட்கார்ந்தது. ஆர்டிஸ் அவரோடு மூன்று வாரம் பேசவில்லை. குழாயை அவளே மாட்டினாள், டுவேனிடம் கேட்டுக் கேட்டு.

அந்தக் கோடையிலிருந்து எங்கள் திடலில் வீட்டில் கட்டிய விமானங்கள் எல்லாம் இப்படித்தான்: பதிவேட்டில் பொய் எழுதியிருந்தால் சக்கரம் தரையைத் தொடாது. டுவேன் சோதனைக்கு முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு நாளிதழைச் செருகிப் பார்ப்பார். போன அக்டோபரில் பல் மருத்துவரின் விமானத்தடியில் தடித்த ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பே முழுதாக நுழைந்தது. மருத்துவர் கோட்டைக் கழற்றிவிட்டு ஸ்பேனரைக் கேட்டார்.