நாலு மில்லி முதுகு

ராஜப்பன் சாரின் பதிப்பகத்துக்குப் பதினோரு வருஷமாக அட்டை போட்டது நான்தான். வாரநாளில் ஓசூர் சிப்காட்டில் பிஸ்கட் பெட்டி வடிவமைப்பு, ஞாயிற்றுக்கிழமையில் புத்தக அட்டை. அப்படியிருக்க, சானமாவு காட்டு யானைகளைப் பற்றிய நாவலை எஸ்லினிடம் கொடுத்துவிட்டார். அவள் சிப்காட்டில் எங்கள் பிரிவில் சேர்ந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அவளை அவருக்கு அறிமுகப்படுத்தியதும் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் வரைந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கறுப்பு அட்டை. முன்பக்கத்தின் இடது ஓரத்தில் யானையின் பாதி முகம், மடிப்பை ஒட்டி ஒரே ஒரு கண். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மறுநாள் ராஜப்பன் சார் போன் செய்தார்.

"கருப்பசாமி, பேப்பர் மாத்தியாச்சுங்க. கொஞ்சம் தடிமன். புஸ்தக முதுகு நாலு மில்லி கூடும். எஸ்லின் போன எடுக்கல, நீங்க சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் சார்."

எஸ்லின் எதிர் மேசையில்தான் இருந்தாள். நான் சொல்லவில்லை. பழைய அளவிலேயே அச்சடித்தால் அட்டை தள்ளி மடியும், கண் முதுகுக்குப் போய்விடும். முன்னால் குருட்டு யானைதான் நிற்கும். பிறகு சார் என்னிடம்தானே வர வேண்டும்?

கிருஷ்ணகிரி புத்தகக் கண்காட்சிக்கு அச்சகத்திலிருந்து நேரே கட்டுகள் வந்தன. நான் நினைத்தபடியேதான் மடிந்திருந்தது. முப்பது பிரதிகளை முதுகு தெரிய அலமாரியில் அடுக்கினார்கள். முப்பது கண்கள். போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள்.

"யானை மறைஞ்சி நின்னு நம்மளப் பாக்குது பாரு!" என்று ஒருவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ராஜப்பன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "எஸ்லின், இனிமே நம்ம அட்டையெல்லாம் நீதாம்மா" என்றார், என் எதிரிலேயே.

அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணா, கண்ண நான் முன்னாடிதான் வெச்சேன். எங்கியோ அளவு தப்பிடுச்சு. எல்லாரும் பாராட்டறப்ப கூச்சமா இருக்கு. யாரால ஆச்சுன்னு தெரிஞ்சா அவங்க பேரையும் அட்டையில போடச் சொல்லுவேன்."

பதினோரு வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல அட்டை அந்த நாலு மில்லிதான். அதை என்னுடையது என்று எந்த வாயால் சொல்வது?

"அச்சகத்துல கங்கப்பன்னு ஒருத்தர் இருக்காரு. அவரா இருக்கும்மா" என்றேன்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அட்டை: எஸ்லின், கங்கப்பன். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் பேரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.