வாழை கட்டிய பஸ்

பித்தளைத் தட்டு முற்றத்தில் விழுந்து உருண்டு, பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவனின் காலில் மோதிக் கவிழ்ந்தது. கோடிச் சேலை மண்ணில் கிடந்தது. தேங்காய் மட்டும் தெருவைப் பார்த்து ஓடியது.

கொட்டு நின்றது.

"எடுத்துக்கிட்டுப் போலே," என்றாள் பஞ்சம்மாள். "உன் கையால நான் கோடி வாங்க மாட்டேன்."

உக்கிரபாண்டியின் இரண்டு கைகளும், அவள் தட்டிவிட்ட தட்டை இன்னும் ஏந்துகிற மாதிரியே இருந்தன. டிரைவர் சட்டை, காக்கி. நேற்றுப் போட்டது. அவளுக்கு நேர் இளைய தம்பி.

அவளுக்குப் பின்னால் பெஞ்சில் அவள் புருஷன் சோலைச்சாமி கிடந்தான். பள்ளிக்கூட பஸ்ஸின் கிளீனர். மைத்துனன் உக்கிரபாண்டி ஓட்டுவான், மச்சான் பிள்ளைகளை ஏற்றி இறக்குவான். நேற்றுச் சாயந்திரம் நாரணாபுரம் ரோட்டில் அதே பஸ்ஸின் சக்கரம் அவன்மேல் ஏறியது. இன்று பகல் சிவகாசி ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

செத்தவன் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் அந்தத் தெருவில் பிணம் எழாது. பஞ்சம்மாளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது உக்கிரபாண்டி ஒருவன்தான்.

"ஏத்தா, என்ன கூத்து இது?" செத்தவனின் அண்ணன் பெத்தணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அறுத்துக் கொடுத்த ஒடம்பு. வெயிலுக்குத் தாங்காது. வாங்கி மேல போட்டுக்கிட்டு உக்காரு."

"இவன் ஸ்டேசன்ல என்ன எழுதிக் கொடுத்திருக்கான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"ஊரறியச் சொல்லுங்க."

கூட்டத்தில் எவளோ சொன்னாள்: "குடிச்சிட்டு, ஓடுற பஸ்ஸுல இருந்து குதிச்சாராம்."

"மதுவிலக்கு அமல்ல இருக்கையிலயா? சாராயம் எங்கன கிடைச்சுதாம்? எங்களுக்கும் கையக் காட்டுங்கப்பா," என்றது ஒரு ஆண் குரல். இரண்டு பேர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

சோலைச்சாமி குடிக்காதவன் இல்லை. பங்குனிப் பொங்கலுக்குக் குடிப்பான்; மறுநாள் அவள் முகத்தைப் பார்க்காமல் வளைய வருவான். ஆனால் பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் பீடியைக்கூடக் காதில் செருகித்தான் வைத்திருப்பான். பிள்ளைகளைப் பிடித்து இறக்குகிற கையில் நாற்றம் ஆகாது என்பான்.

நாரணாபுரத்தில் பஸ் ஒரு பக்கம் நிற்கும், வீடுகள் எதிர்ப்பக்கம். பஸ் நின்றதும் சோலைச்சாமி இறங்கி, பிள்ளைகளை வண்டியின் மூக்குக்கு முன்னால் அழைத்துப் போய், நடுரோட்டில் ஒரு சிவப்புத் துணியை நீட்டிக்கொண்டு நிற்பான். கடைசிப் பிள்ளை எதிர் மண்ணை மிதித்த பிறகு திரும்பி வந்து தகரத்தைத் தட்டி 'ரைட்' என்பான். அதுவரைக்கும் பஸ் அசையக் கூடாது. தீபாவளி சீசன் வந்தால் பட்டாசு லோடு ஏற்றிய லாரிக்காரர்கள் தலையை வெளியே நீட்டி வைவார்கள். "ஏலே, ரோட்டுல ரயில்வே கேட்டா போட்டுருக்க?" பிள்ளைகள் அவனுக்குக் 'கேட்டு மாமா' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது.

காசிராஜன் ஆள் உயர ரோஜா மாலையோடு வந்தார். பள்ளிக்கூடத்துக்குக் காரியதரிசி, பட்டாசுக் கம்பெனிக்கு முதலாளி. பஸ் பள்ளிக்கூடத்தின் பேரில் ஓடியது. சீசன் நாட்களில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அப்படியே அவருடைய கம்பெனிக்குப் போய் வேலை முடிந்த பெண்களை ஏற்றும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை, பாதி வீட்டில் அடுப்பு எரிவது அவர் கூலியில்.

மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மண்ணில் கிடந்த சேலையைப் பார்த்தார்.

"ஏம்மா, சோலைச்சாமி நம்ம கம்பெனிப் பிள்ளை மாதிரி. இனி உன் வீட்ட நான் பாத்துக்கிடுதேன். கோவத்த இன்னொரு நாளைக்கு வச்சுக்க. காரியம் நடக்கட்டும்."

"மொதலாளி, பஸ்ஸுல கட்டியிருந்த வாழ எங்க?"

காசிராஜன் துண்டைச் சரிசெய்தார். "என்ன வாழ?"

"ஆயுத பூஜைக்குக் கட்டினீகளே. மூக்குக்கு ரெண்டு பக்கமும். எலையும் தாருமா."

அவருடைய கம்பெனியில் போன வருஷம் ஒரு கொட்டகை வெடித்தது. அதிலிருந்து சகுனம் என்றால் அவருக்கு உயிர் பதறும். இந்த வருஷப் பூஜையைப் பெரிதாகச் செய்தார். பஸ்ஸுக்கு முன்னால் குலை தள்ளிய வாழை இரண்டைக் கட்டவைத்து, தானாக வாடி விழுகிறவரைக்கும் எவனும் கத்தி வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். விஜயதசமி கழிந்து பள்ளிக்கூடம் திறந்தது. கல்யாண வீடு நகர்ந்து வருகிற மாதிரி பஸ் வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குதியாட்டம்.

நேற்றுக் காலை சோலைச்சாமி கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அந்த எலை மறைக்குது, பஞ்சு. சின்னப் பிள்ளைக மூக்குக்குக் கீள நின்னா சீட்டுலருந்து தெரியாது. அறுத்துருவோம்னா, ஒன் தம்பி மொதலாளி வைவாருங்கான்."

"சாமிக்குக் கட்டினதுல நீங்க போயி கத்தி வைக்காதீக," என்றுதான் அவளும் சொன்னாள். அவன் மேலே பேசவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனான்.

அதை நினைத்தால் பஞ்சம்மாளுக்கு அழுகை வரும். ஆனால் அழுதால் பேச முடியாது. அழாமல் நின்றாள்.

"யாராவது அவுத்திருப்பாங்க," என்றார் காசிராஜன்.

"யாரு? நேத்துக் காலையில இந்தத் தெருவத் தாண்டிப் போகையில ஆடிக்கிட்டுப் போச்சு. இன்னைக்கு ஸ்டேசன் வாசல்ல பஸ்ஸு மொட்டையா நிக்குது. லைட்டுப் பக்கம் கயிறு தொங்குது, இப்பம் அறுத்த மாதிரி. வாடாத வாழையில கத்தி வச்ச தைரியசாலி யாரு மொதலாளி? ஒங்க பேச்ச மீறின ஆளு யாரு?"

காசிராஜனின் பார்வை உக்கிரபாண்டியிடம் போய்விட்டுத் திரும்பியது. ஒரு கண நேரம்தான். கூட்டம் அதைப் பார்த்துவிட்டது.

பஞ்சம்மாள் பெண்கள் பக்கம் திரும்பினாள். நாரணாபுரத்திலிருந்து வந்திருந்த கருப்பம்மாள் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். புருஷன்காரன் காசிராஜனிடம் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலையில் இருக்கிறான், வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"கருப்பம்மா, உன் பிள்ள எப்படி இருக்கா?"

"முட்டியில செராய்ப்புதான்க்கா."

"எப்படிச் செராய்ச்சுது?"

"விழுந்துட்டா."

"தானா விழுந்தாளா?"

வாசலில் புருஷன் இருமினான். கருப்பம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் மூடிக் கிடந்த உருவத்தைப் பார்த்தாள்.

"தள்ளிவிட்டாராம்க்கா," என்றாள். "பஸ்ஸுக்கு முன்னால செருப்பு கழண்டு நின்னிருக்கா. அண்ணன் ஓடிவந்து தள்ளிவிட்டாராம். ராத்திரி பூரா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா."

"ஏளா, எந்திரி! வீட்டுக்கு நட!" என்று புருஷன் கத்தினான். அவள் எழுந்திருக்கவில்லை.

"பாண்டி," காசிராஜன் குரலை உயர்த்தவில்லை. "எளவு வீட்டுல எதுக்கு வம்பு? வா, கார்ல ஏறு."

உக்கிரபாண்டி ஒரு எட்டு வைத்தான்.

"போ," என்றாள் பஞ்சம்மாள். "ஏறிப் போ. சொன்னா ஜெயிலு, லைசென்ஸ் போயிரும், எனக்குத் தெரியாமலா இருக்கு? சொல்ல வேண்டாம். இவரு இங்கனயே கெடக்கட்டும். நாறட்டும். ஊரு மூக்கப் பொத்திக்கிட்டு இந்தத் தெருவுல நடக்கட்டும். உனக்கு நாளைக்கு வேற கிளீனரு வருவான். அவனையும் ஏத்திக் கொல்லு. அவனும் குடிகாரன்னு எழுதிக் கொடு. மொதலாளி கையெழுத்துப் போடுவாரு."

"ஏத்தா, அளந்து பேசு," என்றார் பெத்தணன். ஆனால் அவர் கண் இப்போது உக்கிரபாண்டிமேல் இருந்தது.

காரின் கதவு திறந்தே இருந்தது. உக்கிரபாண்டி அதைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். அப்படியே முற்றத்து மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ரைட் சொல்லல," என்றான்.

"சத்தமாச் சொல்லுலே."

"மச்சான் ரைட் சொல்லவே இல்லக்கா. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். கம்பெனில ஆளுக காத்துக் கெடக்காக, கிளீனரு வந்து ஏறுற வரைக்கும் என்னலே பொறுமைன்னு மொதலாளி மத்தியானமே சத்தம் போட்டிருந்தாரு. அந்தப் பக்கம் பிள்ளைக ஓடுறது தெரிஞ்சுச்சு. எல்லாம் தாண்டிருச்சுன்னு எடுத்துட்டேன். எலைக்குப் பின்னால மச்சான் குனிஞ்சிருந்தது... சத்தியமாத் தெரியலக்கா."

"வாழ?"

"நான்தான் அறுத்தேன். ஓடையில எறிஞ்சேன். மறைச்சதுன்னு கேஸு வந்துருமேன்னு..."

"எப்பம் அறுத்த?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"எப்பம்லே அறுத்த?"

"மச்சானத் தூக்குறதுக்கு முன்னால."

கொட்டுக்காரர்கூடத் தன் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"அப்பம் மூச்சு இருந்துச்சா?"

உக்கிரபாண்டி மண்ணைக் கையால் கூட்டிக் கூட்டிக் குவித்தான்.

பெத்தணன் பிளந்த மூங்கில் ஒன்றை உருவிக்கொண்டு பாய்ந்தார். இரண்டு பேர் பிடித்தும் திமிறினார். "விடுங்கலே என்னைய! எந்தம்பியக் கொன்னுட்டு எந்தம்பிக்கே குடிகாரப் பட்டமா!"

"அடிக்காதீக," என்றாள் பஞ்சம்மாள். "கோடி போட ஆளு வேணும்."

மூங்கில் கீழே விழுந்தது.

கார்க் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. போகும்போது காசிராஜன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கருப்பம்மாளின் புருஷன் காருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, எதையோ சொல்லிப் பார்த்து, நின்றான்.

உக்கிரபாண்டி சேலையை எடுத்து உதறினான். மண் முழுசாகப் போகவில்லை. அக்காளின் பின்னால் வந்து தோளின்மேல் போர்த்தினான். விரல்கள் அவள் கழுத்தில் பட்டபோது அவள் உடம்பு சுருங்கியது.

"போட்டாச்சுல்ல? சுடுகாடு வரைக்கும் வா. கொள்ளி வச்சதும் ஸ்டேசனுக்கு நீயா போ. இங்க சொன்னத அங்கயும் சொல்லு. அப்புறம் இந்த வாசல மிதிக்காத."

"அக்கா..."

"யாரு அக்கா?"

கொட்டு மறுபடி தொடங்கியது.

பெண்கள் மெயின் ரோடு வரைக்கும்தான். அங்கே பாடையை இறக்கித் திருப்பி, ஆண்கள் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைப் பக்கம் போனார்கள். உக்கிரபாண்டி கடைசியில் போனான். அவனுக்குப் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை. பெண்கள் தலைவிரித்த கோலத்தில் ரோட்டோரம் நின்று, கூட்டம் மறைகிறவரைக்கும் பார்த்தார்கள்.

அப்போது சிவகாசிப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. காசிராஜனின் கம்பெனி வேன். பள்ளிக்கூட பஸ் ஸ்டேஷனில் நிற்பதால் காலையிலேயே அதை அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு ரோட்டுக்கு ஒரு பக்கம் இருக்க, வேன் மறுபக்கம் நின்றது. டிரைவர் புதுசு. கிளீனர் என்று யாரும் இல்லை.

"இறங்குங்க, இறங்குங்க, வெரசா!" டிரைவர் இருந்த இடத்திலிருந்தே விரட்டினான். வண்டியை அணைக்கவில்லை.

பஞ்சம்மாள் நடந்தாள்.

"ஏத்தா, எங்க போற? இந்தக் கோலத்துல ரோட்டுல..." யாரோ கோடியின் முந்தானையைப் பிடித்தார்கள். அவள் உருவிக்கொண்டாள்.

வேனுக்கு நேர் முன்னால் போய் நின்று, தகரத்தின்மேல் கையை வைத்தாள்.

டிரைவர் ஆரன் அடித்தான். அவள் காதுக்குப் பக்கத்தில் அது அலறியது. "ஏம்மா! எளவெடுத்தவளே! தள்ளு! கம்பெனில ஆளு நிக்குது!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. இறங்கிய பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் வேனை ஒட்டிக் கும்பலாக நின்றார்கள். யார் முதலில் போவது என்று தெரியவில்லை.

"போங்க," என்றாள்.

ஒரு பெண் பிள்ளை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பிறகு இரண்டு பேர். பிறகு எல்லோரும். நடுரோட்டில் ஒரு சின்னவன் நின்று, மண் ஒட்டிய புதுச் சேலையையும் அவிழ்ந்த தலையையும் பார்த்தான். அக்காள் பிடித்து இழுத்ததும் ஓடினான்.

எதிர்ப்பக்கம் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. ரோட்டில் பிள்ளை என்று யாரும் இல்லை. அவள் இன்னும் 'ரைட்' சொல்லவில்லை. தகரம் அவள் உள்ளங்கைக்குக் கீழே சூடாக நடுங்கிக்கொண்டிருந்தது. வேனுக்குப் பின்னால் ஒரு பட்டாசு லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று.