கயிற்றுக்கு அந்தப் பக்கம்

முப்பிடாதியம்மாள் தாராவியில் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி. ஏழு வயதில் வந்த பெரியம்மை முகம் முழுக்கத் தழும்பு வைத்துவிட்டுப் போயிருந்தது. அதே அம்மையில் அவள் தங்கை செத்துப்போனாள்.

தினமும் காலையில் குர்லாவில் ரயில் மாறி செம்பூரில் இறங்கி, கழிமுகத்தை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு நடப்பாள். முப்பது வீடு இருக்கும். மராட்டி விவசாயிகள் வெந்தயக்கீரையும் முள்ளங்கியும் பறித்து வைத்திருப்பார்கள்.

1963 மார்ச்சில் அந்த ஊரில் இரண்டு குழந்தைகளுக்குப் பெரியம்மை கண்டது. மறுநாள் அவள் போனபோது ஊர் முகப்பில் கயிறு கட்டி ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு யாரும் வெளியே வரக்கூடாது, உள்ளே போகக்கூடாது, ஒரு சாமானும் கயிற்றைத் தாண்டக்கூடாது.

அவள் அப்படியே திரும்பிவிட்டாள். அம்மை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறாம் நாள் மனசு கேட்காமல் மறுபடி போனாள். கயிற்றுக்கு அப்பால் தோண்டாபாய் நின்றிருந்தாள். வழக்கமாக அவளுக்குக் கீரை கொடுக்கிறவள், நிறைமாதம். வீட்டில் அரிசி தீர்ந்து மூன்று நாளாகிறது என்று தூரத்திலிருந்தே கத்தினாள். சர்க்கார் வண்டி ஒரே ஒரு தடவை வந்ததாம். மளிகைக் கடை கயிற்றுக்கு இந்தப் பக்கம். அவள் பின்னால் வயலில் கீரை பறிக்க ஆளின்றிப் பூத்து நின்றது.

புளியமரத்தடியில் சுகாதார இலாகாவின் கூடாரம். உள்ளே இருந்த டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மாதுங்காக்காரர், இளைஞர். அவரிடம் போனாள்.

"ஊருக்குள்ள சோறில்லாம கெடக்காவ. உங்களுக்குத் தெரியுமா?"

"மேலே எழுதிருக்கேன்மா. வண்டி வரும்."

"என்னைக்கு வரும்?"

டாக்டர் மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினார்.

"நான் கொண்டு போறேன். எனக்கு வந்து போயிட்டுல்லா? இனிமே வராதுன்னு நீங்கதான படிச்சிருக்கிய?"

"வராதுதான். ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணு."

"ரூல் போட்டவரு என் மூஞ்சியப் பாக்கலயே!"

அவர் முகம் சிவந்தது. "சரி, உங்களுக்கு வராது. உங்க புடவையில ஒட்டிண்டு தாராவிக்குப் போனா? அங்க எத்தனை குழந்தைகள் இருக்கு?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்பம் என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள் கடைசியில்.

"உள்ள கட்டற புடவை உள்ளயே இருக்கணும். மருந்துத் தண்ணியில குளிச்சு, வேற கட்டிண்டுதான் வெளிய வரணும்." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: "நான் போகச் சொல்லலே."

"நீங்க சொல்லல. நான் போறேன்."

மறுநாள் தலையில் அரிசி மூட்டையும் கையில் பழம்புடவையுமாக வந்து கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்தாள். போலீஸ்காரர் கைது செய்துவிடுவேன் என்று லத்தியை ஆட்டினார்.

"செய்யும். உள்ள வந்து செய்யும்" என்றாள் அரைகுறை இந்தியில். அவர் வரவில்லை.

ஊருக்குள் இன்னொன்றைக் கண்டாள். அம்மை குத்துகிறவர்கள் போலீசோடு வந்ததால் தாய்மார் பிள்ளைகளை வைக்கோல் போருக்குள் ஒளித்திருந்தார்கள். "என்னப் பாருங்க. பிள்ளைகளுக்கு இது வேணுமா?" என்று வீடு வீடாகத் தன் முகத்தைக் காட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு பிள்ளைகளைக் கயிற்றோரம் கூட்டி வந்தாள். டாக்டர் தானே வந்து ஊசி குத்தினார்.

தினமும் போனாள். சொன்னபடி தினமும் குளித்து மாற்றிக்கொண்டே வெளியே வந்தாள். நோய் கண்ட இரண்டில் ஒரு குழந்தை பதினோராம் நாள் இறந்தது. வேறு எந்த வீட்டுக்கும் அம்மை பரவவில்லை. கீரை மட்டும் மிஞ்சவில்லை. முற்றியதை எல்லாம் எருமைக்கு அறுத்துப் போட்டார்கள்.

கயிறு அவிழ்த்த மறுவாரம் அவளுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. மாஜிஸ்திரேட் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"போனது நெசம். தப்புன்னு ஒத்துக்கிட மாட்டேன்."

டாக்டரும் சாட்சிக்கு வந்திருந்தார். அவளால் நோய் பரவவில்லை என்றார். உத்தரவை மீறினாளா என்று கேட்டபோது, மீறினாள் என்றும் சொன்னார்.

கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கத் தண்டனை விதித்தார்கள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யாராவது திரும்பிப் பார்த்தால் அவளும் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது டாக்டர் வாசலில் காத்திருந்தார்.

"அடுத்த தடவை இப்படிப் பண்ணாதீங்கோம்மா."

"அடுத்த தடவ கயித்தோட அரிசியும் கொண்டு வாங்க டாக்டரய்யா. நான் ஏன் வாரேன்?"

சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.