நசுங்கிய பீச் டப்பா

கடைச் சாமான்களையே பெரிதாக வரைந்து 1964இல் நியூயார்க்கே கொண்டாடிய 'பாப்' பாணி ஓவியன் மில்டன் கிரேவ், ஸ்டாவ்ரோஸ் கிழவரின் மளிகைக் கடையில் நசுங்கிய பீச் பழ டப்பாக்களை மட்டும் பொறுக்கி வாங்கினான். நசுங்கிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அடுக்குவதுதான் கடைக்காரர் வழக்கம். இவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பான். ஏதோ வில்லங்கம் என்று கிழவருக்குச் சந்தேகம்.

கடைசியில் அவனுடைய ஓவியக் கண்காட்சிக்கே போனார். கதவு உயரத்துக்கு வரைந்த ஒரு டப்பா, நசுங்கிய பக்கம் முன்னால். அதில் அவர் கடைப் பேர் போட்ட விலைச்சீட்டு.

"ஏம்ப்பா, என் மானத்த வாங்கவா இத மாட்டி வெச்சிருக்கே? இனி எவன் என் கடைக்கு வருவான்? அந்தப் பேர அழி!"

"நீங்களே அழிச்சிடுங்க பெரியவரே" என்று மில்டன் பிரஷை நீட்டினான்.

வாங்கிக்கொண்டு கிட்டே போனார். பேரைக் காணோம், டப்பாவையும் காணோம். சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள்தான் இருந்தன. பின்னால் வந்தார், பேர் வந்துவிட்டது. மறுபடி கிட்டே போனார், போய்விட்டது.

"என்னடா கண்கட்டு வித்தை இது?"

"அழிக்கலியா?"

"சும்மா இருடா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று பிரஷை அவன் கையில் திணித்துவிட்டு, எந்த இடத்தில் புள்ளி பேராகிறது என்று பார்க்க, அரையடி அரையடியாகப் பின்னால் நகர்ந்தார்.