முதல் கேள்வி

இது நடந்தது 2007-இலா, அதற்கடுத்த ஆண்டிலா என்பது எனக்கு நிச்சயமில்லை. நான் பேசியதாக நினைவிலிருப்பவற்றில் பாதி, பேச நினைத்துப் பேசாமல் விட்டவையாகவும் இருக்கலாம். ஆனந்தராஜ் பேசியதில் மட்டும் சந்தேகமில்லை. அவன் பேசினால் தெருவுக்கே மனப்பாடமாகிவிடும்.

அப்போது காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் வருமானம் தேவைப்பட்டது. ஆனால் எனக்கு விற்கத் தெரியாது. ஒருமுறை காப்பீட்டு முகவராகி, ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு காபி குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினேன். நான் துக்கம் விசாரிக்க வந்ததாகத்தான் அந்த வீட்டார் இன்றும் நினைக்கிறார்கள்.

அதனால், இணையத்தில் ஏலம் போட்டு விற்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு உயிர் வந்தது. படம், விவரம், ஆரம்ப விலை போட்டால் போதும். வாயே திறக்க வேண்டாம். பெட்டி நசுங்கியதால் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட எம்பி3 பிளேயர்கள், ரேடியோவும் பாடுபவை, இருபது வாங்கினேன். சேக் பரீதின் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து நான்கை விற்றேன். வாங்கிய நான்கு பேரும் என்னைப் பற்றித் தளத்தில் நல்லவிதமாக எழுதினார்கள்.

"பேசாமப் பொழைக்க ஒரு வழி கெடச்சிடுச்சு," என்று மனைவி தையல்நாயகியிடம் சொன்னேன்.

"அதச் சொல்லவாவது வாயத் தொறந்தீங்களே," என்றாள்.

மீதிப் பதினாறையும் மொத்தமாக ஒரே ஏலத்தில் போட்டேன். ஐந்து நாளாகியும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசி நாள் சென்டருக்கு ஆனந்தராஜ் வந்தான். பள்ளித்தோழன், கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் மீன் ஏலம் விடுபவன்.

"மொத கேள்வி யாருடா கேட்டா?"

"யாருமில்ல."

"அதான் நிக்கிது. மொத கேள்விய நம்ம ஆளு கேக்கணும் மாப்ள. கேக்க நாதியில்லாத மீன எவன் தொடுவான்?"

கிளிஞ்சல்மேட்டில் அது வழக்கம். ஏலக்காரரின் ஆளே முதல் விலை சொல்வான். கூடியிருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்; யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கும் நியாயமாகவே பட்டது. சேக் பரீது ஆனந்தராஜுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். அவன் முதல் விலை கேட்டான். கொஞ்ச நேரத்தில் நாக்பூர்க்காரர் ஒருவர் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டார்.

அதோடு ஆனந்தராஜ் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

"என்ன மீறி ஏத்துறானா?" என்று நூறு கூட்டினான்.

"டேய், இது நம்ம சரக்குடா."

"யாரு சரக்கா இருந்தா என்ன? எறங்கிட்டு விட்டுக்குடுக்குறதா?"

"தம்பி, கடையில புதுசே இதவிட மலிவு," என்றார் சேக் பரீது.

"பாய், நீங்க சும்மா இருங்க!"

ஏலம் முடிந்தபோது நாக்பூர்க்காரர் ஓய்ந்துபோயிருந்தார். ஆனந்தராஜ் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் சரக்கை என்னிடமிருந்து ஜெயித்துவிட்டான்.

அப்போதும் தப்பித்திருக்கலாம். விற்றவரைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லித் தளம் கேட்டிருக்கிறது. நான் டீ வாங்கப் போயிருந்தேன். சேக் பரீதிடம் சொல்லி அவன் ஆங்கிலத்தில் எழுதவைத்தது இதுதான்: "ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். தங்கமான ஆள். அதிகம் பேச மாட்டான்."

விற்பவரின் ஆளே விலை கேட்பது மோசடி என்று சொல்லி, மூன்றாம் நாள் என் கணக்கை முடக்கினார்கள். கிளிஞ்சல்மேட்டு வழக்கத்தை விளக்கி நான்கு பக்கம் எழுதியனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. ஒரே வரியில் பதில் வந்தது: நிரந்தரமாக மூடப்பட்டது.

"கரைக்குக் கொண்டா. நான் வித்துத் தரேன்," என்றான் ஆனந்தராஜ். "நீ ஒரே ஒரு வார்த்த பேசினாப் போதும்." சரக்குக்காரன் "விடு" என்று சொன்னால்தான் அங்கே ஏலம் முடியும்.

மறுநாள் காலை மணலில் தார்ப்பாய் விரித்து, நான்கு நான்காகக் கூறு கட்டினான். இந்தப் பக்கம் சங்கரா, அந்தப் பக்கம் நண்டு, நடுவில் என் பிளேயர்கள். மீன் வியாபாரி சொர்ணாம்பாள் தன் மகன் படகுக்கு என்று கேட்டார். இன்னொருவர் ஏற்றினார். நல்ல விலைதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

நான் இன்னும் எதிர்பார்க்கிறேன் என்று நினைத்து சொர்ணாம்பாள் இருபது ஏற்றினார். மற்றவர் முப்பது ஏற்றினார். சொர்ணாம்பாள் அதற்கு மேலும் இருபது ஏற்றினார்.

"என்னங்க சாரு, வாயில கொழுக்கட்டயா? இன்னும் எவ்வளவுதான் ஏத்துறது?" என்றார் சொர்ணாம்பாள்.

"அமுக்குணி! எப்புடி நிக்கிறான் பாரு," என்றார் பின்னால் ஒருவர்.

"சொல்லித் தொல மாப்ள, சனம் கெளம்பிடும்," என்று ஆனந்தராஜ் காதைக் கடித்தான்.

"விடு!" என்று கத்திவிட்டேன். நண்டுக்குப் பக்கத்திலிருந்த காக்கை பறந்துபோனது.

மற்ற மூன்று கூறுகளும் அப்படியே போயின. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூடுதலாக. கடைசிக் கூறுக்கு, நான் வாய் திறக்கும்வரை காத்திருக்கலாம் என்று சிலர் உட்கார்ந்தே விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் எதையும் விற்கவில்லை, எழுத்தராகவே இருக்கிறேன். தையல்நாயகி வீட்டிலேயே புடவை வியாபாரம் செய்கிறாள். சேக் பரீது பிரௌசிங் சென்டரை மூடிவிட்டு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சொர்ணாம்பாள் மகனின் பிளேயர்களில் மூன்று உப்புக்காற்றில் போயின. ஒன்று சில வருஷம் பாடியது. ஆனந்தராஜ் இன்னும் கரையில் ஏலம் விடுகிறான். நாக்பூர்க்காரர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.