வாசலுக்கே வந்த வேன்

எனக்கு வாய் நீளம். இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போய் விற்கப்பட்டு, போலீஸ் மீட்டுக் கொண்டுவந்து விடும் பெண்பிள்ளைகளை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் என்றைக்கோ படுத்திருப்பேன். ஆனால் இதே வாய்தான் ஒரு பிள்ளையின் தலையில் மண்ணைப் போட்டது.

அவளை ரேடியோ என்று கூப்பிடுவோம். வந்த புதிதில் மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி கட்டிலிலேயே கிடந்தாள். ஒருநாள் காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, இதுல சர்க்கரை போட்டீங்களா, இல்ல காட்டிட்டு எடுத்துட்டீங்களா?" என்றாள். அப்புறம் அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை.

அவளுடைய அம்மா மாதம் தவறாமல் பார்க்க வருவார், அழுதுவிட்டுப் போவார். இரண்டு வருஷம் கழித்து அவரோடேயே அனுப்பிவைத்தோம். மூத்தவளான இவள் வெளியூரில் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார். இளையவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

கிளம்பும்போது ரேடியோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் வீட்டுப் பக்கம் வராதீங்க அக்கா. போன் பண்ணுங்க. காது வலிக்கற வரைக்கும் பேசறேன்."

"சரிடி" என்றேன்.

ஆனால் வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் மாதம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், வீட்டாரோடு ஒரு படம் எடுத்துவர வேண்டும் என்பது இல்லத்தின் சட்டம். படம் இல்லாமல் நன்கொடையாளர்களுக்கு அறிக்கை போகாதாம். கல்யாணம் முடியட்டும் சார் என்று மேலாளரிடம் நான் சண்டை போட்டிருக்கலாம். எதற்கெடுத்தாலும் போடுகிறவள்தானே! போடவில்லை. உண்மையைச் சொன்னால், அவளைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு ஒரு கைப்பைகூட வாங்கிக்கொண்டேன்.

இப்படிப் போகும்போது வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். டிரைவரும் வேகத்தைக் குறைத்தார்.

"வாசலுக்கே விடுப்பா. இந்த வெயில்ல, இந்த முட்டிய வச்சுக்கிட்டு எவ நடப்பா?" என்றேன்.

வேனின் இரண்டு பக்கமும் 'கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களின் மறுவாழ்வு இல்லம்' என்று முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறது. வருஷக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்து போகிறவளுக்கு வெளியே எழுதியிருப்பது எங்கே ஞாபகம் வரப்போகிறது!

எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஈரத்துணியோடு, வேனில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். சத்தம் கேட்டு ரேடியோ வெளியே வந்தாள். வேனைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"யாருங்க வேணும்? வீடு மாறி வந்துட்டீங்க போல" என்றாள்.

தப்பிக்க எனக்கு வழி விட்டாள். ஆமாம்மா, தெரியாம வந்துட்டோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் முடிந்தது. எனக்கோ சுருக்கென்று தைத்தது. காய்ச்சலில் மடியில் போட்டுப் பார்த்தவள் நான், என்னையா யார் என்று கேட்கிறாள்?

"ஏண்டி ரேடியோ, என்னையே யாருன்னு கேக்கறியா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பாவி, வாயை விட்டுவிட்டேனே!

"அப்போ துணிக் கம்பெனி?" என்றார் எதிர்வீட்டு அம்மாள்.

அதற்குள் இன்னும் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. ரேடியோவின் அம்மா வாசலுக்கு வந்தார். பின்னால் இளையவள் நின்றாள். அந்த அம்மா வேனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், இளையவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, எங்களுக்கே இப்பத்தானே தெரியுது! கம்பெனில இருக்கேன்னு பெத்தவளையே ஏமாத்திட்டாளே!"

மாதாமாதம் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து அழுத அதே அம்மாதான். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரேடியோ என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஆமா, அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தங்கச்சிக்கும் தெரியாது. நான்தான் பொய் சொன்னேன்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

செருப்பை மாட்டிக்கொண்டாள். வேறு எதையும் எடுக்கவில்லை. வேன் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். அம்மா கூப்பிடுவார் என்று நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் இளையவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வழியெல்லாம் அழுதேன். மன்னிச்சுக்கோடி, மன்னிச்சுக்கோடி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில்தான் திரும்பினாள்.

"என் கட்டில் காலியா இருக்கா அக்கா?"

"இல்லடி. புதுசா ஒருத்தி வந்திருக்கா. சின்னப் பிள்ளை, பதிமூணு வயசு."

"அப்போ அவளே படுக்கட்டும். நான் கீழ படுத்துக்கறேன்" என்றாள்.