வரும்போது மட்டும் செவிடு

பூசானின் கம்சோன் துறையில் ஒட்டுப்பலகை இறக்கிக்கொண்டிருந்த கப்பலின் உச்சித் தளத்தில், செயற்கைக்கோள் போன் ஆண்டெனாவின் வெள்ளைக் கூண்டுக்குள் தலையை விட்டிருந்த ரிப்பேர்காரன் நாம்குங் சத்தமாகச் சிரித்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற கேப்டனுக்கு அடுத்தவனான முதல் மேட் பியோ தோங்குனுக்கு எரிச்சலாக வந்தது. நாளைக் காலை குடும்ப நீதிமன்றத்தில் பெண்டாட்டியோடு போய் நின்று விவாகரத்தை உறுதிசெய்யப் போகிறவனுக்கு ஊரில் எவன் சிரித்தாலும் எரிச்சல்தான்.

“என்னய்யா, உள்ளே கடற்காக்கா முட்டை போட்டிருக்கா?”

“அதைவிட ஜோரு, மேட் சார். உங்க ஆண்டெனாவுக்குக் கப்பலோட மூக்கு எது முதுகு எதுன்னே தெரியல. இந்த அம்புக்குறி முன்முனையைப் பார்க்கணும். இது என்னடான்னா புகைபோக்கியைப் பார்த்துக் கும்பிடு போட்டுட்டு நிக்குது.”

“அது எப்படி?”

“கப்பல் கட்டுறப்ப இந்த மேல்வீட்டைத் தரையில தனியாத்தானே கட்டுறாங்க. தரையில இருக்கிறப்பவே எவனோ கூண்டை மாட்டிட்டான். கப்பல் பட்டறையோட கேட் இருக்கிற பக்கம்தான் முன்பக்கம்னு நினைச்சிருப்பான் மவராசன். கிரேன்ல தூக்கி வச்சப்புறம் எவனும் ஏறிப் பார்க்கல. கையெழுத்து மட்டும் நாலு பேர் போட்டிருப்பாங்க.”

“இத்தனை வருஷம் வேலை செஞ்சுதேய்யா.”

“செய்யும். சுத்திச் சுத்தித் தேடி எப்படியாவது செயற்கைக்கோளைப் பிடிச்சிடும், அதுல கெட்டி. ஆனா முன்னாடி ரேடார் கம்பம் நிக்குதில்ல? அந்தப் பக்கம் பார்க்கிறப்ப எதையும் அனுப்பாதேன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கு. இதுக்குத்தான் முன்னும் பின்னும் மாறிப்போச்சே. கோள் கப்பலுக்குப் பின்னால வந்தா வாயை மூடிக்கும். இங்கேருந்து பதில் போகலேன்னா அங்கேருந்து கூப்பிடுறதும் வராது.”

தோங்குன் ஏணியை விட்டுவிட்டான். கோள் இருப்பது தென்வானத்தில். இந்தோனேசியாவின் சுரபாயாவுக்குப் போகும்போது அது முன்னால் இருக்கும், கம்பம் மறைத்துக் கரகரத்தாலும் பேசலாம். பூசானை நோக்கித் திரும்பிவிட்டால் வழிநெடுக முதுகுக்குப் பின்னால்தான். இந்தக் கப்பலுக்கு வீட்டு வாசனை பட்டால் காது அடைத்துவிடும் என்று சாப்பாட்டு அறையில் எல்லோரும் கேலி பேசுவார்கள். கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் மழை என்பார்கள், மேகம் என்பார்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவன் பெண்டாட்டி மிரான் அப்படி வாயை மூடிக்கொள்ளவில்லை. “திரும்பி வர்றப்ப மட்டும் எப்படிங்க போன் சாகுது? யாரோட இருக்கீங்க?” என்று ஒவ்வொரு பயணத்துக்கும் கேட்டாள். பிறகு அவள் அப்பா இறந்தார். கப்பல் அப்போது வீடு நோக்கி வந்துகொண்டிருந்தது. கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லாதவள். மருமகன் கறுப்புச் சட்டையோடு இறந்தவரின் படத்தருகே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்க வேண்டிய இடத்தில் மூன்று நாளும் அவளே நின்றாள். வந்தவர்கள் கஞ்சியும் சோஜு சாராயமும் குடித்துவிட்டு, “மாப்பிள்ளை எங்கம்மா?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது. எரித்து முடித்த பிறகுதான் இவன் வந்து சேர்ந்தான். அன்றைக்கு இரண்டாகிப்போனது அந்த வீடு.

“சார், தூங்கிட்டீங்களா? கீழே போய் ஜைரோ என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.”

தோங்குன் தடதடவென்று இறங்கி, கப்பல் பார்த்து நிற்கும் திசையை வாக்கிடாக்கியில் வாசித்தான். நாம்குங் மேலே ஆண்டெனா காட்டிய கோணத்தோடு அதை ஒட்டிப் பார்த்தான். அரைவட்டமும் கொசுறாகக் கொஞ்சமும் வித்தியாசம். அதை ஆண்டெனாவின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிந்துவிட்டு ஆண்டெனாவை மறுபடி தேடவிட்டான். இந்த முறை அது அலையவில்லை, நேராகப் போய் ஒட்டிக்கொண்டது.

“முடிஞ்சுது. கப்பல் இப்ப வடக்கே பார்த்துத்தான் நிக்குது. கோள் பின்னாடி. நேத்து வரைக்கும் இந்த நிலையில ஒரு பொட்டுச் சத்தம் போயிருக்காது. எங்கேயாவது போன் போட்டுப் பாருங்க சார். வீட்டுக்கே போடுங்களேன்.”

தோங்குன் ரிசீவரை எடுத்து எண்ணை அமுக்கினான். தப்பு தன் மேல் இல்லை என்று சொல்ல இந்த ஜென்மத்தில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அவனுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மிரான் வேலை செய்யும் சலவைக்கடையில் இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுவதுகூடக் கேட்டது.

“நான்தான். கப்பல் போன்லேருந்து பேசுறேன்.”

“கரையில கட்டிப்போட்ட கப்பல்லேருந்தா? இப்ப மட்டும் நல்லாப் பேசுது.”

அவன் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தான். தரையில் மாட்டிய கூண்டு, திரும்பி நின்ற அம்புக்குறி, வாயை மூடிக்கொண்ட ஆண்டெனா. “நான் அணைச்சு வைக்கல மிரான். நீ கூப்பிட்டது எதுவுமே எனக்கு வரல. சத்தியமா.”

ஆவிச் சத்தம் நின்றது.

“நிஜமாத்தானா?” என்றாள். குரல் இளகியிருந்தது. “நான் பாட்டுக்கு என்னென்னவோ பேசிட்டேனே…”

அதோடு போனை வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். மனுஷன் ஜெயித்த மிதப்பில் இருந்தான், வாய் நிற்கவில்லை.

“வர்றப்ப மட்டும்தான் இந்தக் கோளாறு. போறப்ப ஒண்ணும் இல்லை.”

“அப்பா தவறின அந்தத் தடவையும் போறப்ப லைன் இருந்துச்சா?”

“கொஞ்சம் கரகரத்துச்சு. பேச முடிஞ்சுது.”

இஸ்திரிப்பெட்டி மறுபடி புஸ்ஸென்றது.

“அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தது நீங்க கிளம்பின அன்னிக்கு. மெசேஜ் போட்டேன். படிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கிற ஒண்ணாம் நம்பர் மறைஞ்சுது. படிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுது. சுரபாயா போய்ச் சேர்ற வரைக்கும் லைன் இருந்திருக்கு. ஒரு தடவை கூப்பிட்டு, கிழவன் எப்படி இருக்கான்னு கேட்டீங்களா?”

அவனுக்கு நினைவிருந்தது. ஹ்வாது ஆட்டத்தில் நல்ல சீட்டு விழுந்திருந்த நேரம். மாமனார் குளிர்காலம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்தானே, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

“மிரான்…”

“அந்தத் தடவை மட்டும் போகவும் வரவும் ரெண்டு பக்கமும் லைன் இல்லாம இருந்திருக்கும், பாவம், மனுஷன் என்ன பண்ணுவார்னு சில நாள் நினைச்சுப்பேன். அதை வச்சுக்கிட்டுத்தான் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரலாமா வேண்டாமான்னு காலையிலேருந்து யோசிச்சுட்டு இருந்தேன். அதையும் நீங்களே கெடுத்துட்டீங்க. வந்துடுங்க. அடையாள அட்டையை மறந்துடாதீங்க.”

மேலேயிருந்து நாம்குங் கத்தினான். “லைன் எப்படி சார்? விட்டு விட்டுக் கேட்குதா?”

“இல்லைய்யா,” என்றான் தோங்குன். “ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு.”